கப்சாயில் ஸ்பாட்லைட்டும் சார்ஜரும்: வீட்டிலேயே வயர் இழுப்பது எப்படி

பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. எங்களுக்கு இன்னும் பழைய பெயர்தான் வாயில் வருகிறது. பட்டணத்து விளக்குக் கம்பங்கள் முடியும் இடத்திலேயே செம்பனை தொடங்கிவிடும். மலேசியாவின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் போடப்பட்ட தென்னமரம் எஸ்டேட் இந்தப் பக்கம்தான். அன்றைக்கு நட்டது போலவே இன்றைக்கும் வரிசை வரிசையாக மரங்கள். உள்பாதையில் இருட்டும் அப்படியேதான் இருக்கிறது. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்து ஆள்கணக்குக்குப் போகிறவர்களும், தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர்களும் கப்சாய் என்னும் சின்ன மோட்டார் சைக்கிளில்தான் வருகிறார்கள். குலை ஏற்றிய லாரி தோண்டிவிட்டுப் போன பள்ளம், பழைய முன்விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் சக்கரம் இறங்கிய பிறகுதான் தெரியும்.

அதனால்தான் ஆளாளுக்கு ஸ்பாட்லைட் மாட்டுகிறார்கள். சாப்பாடு டெலிவரி ஓட்டும் பிள்ளைகளுக்கு போன் சார்ஜரும் வேண்டியிருக்கிறது. இதெல்லாம் வீட்டு முற்றத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்யக்கூடிய வேலைதான். ஆனால் பலர் செய்கிற முறை ஆபத்தானது. ஸ்பாட்லைட் ஒரு ஜோடியும் யூஎஸ்பி சார்ஜர் ஒன்றும் மாட்டுவதை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். ஹோன், டேஷ்கேம் எது மாட்டினாலும் வழி இதேதான்.

முதலில் எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வேறு ஊரில் ஒரு கடையில் என் ஹோண்டா இஎக்ஸ்5-க்கு இரண்டு விளக்கு மாட்டிக்கொண்டு வந்தேன். இரண்டு மாதம் நன்றாக எரிந்தது. ஒரு ராத்திரி தோட்டத்துப் பாதையில் ஹேண்டிலைத் திருப்பும்போது பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. அடுத்த நொடி எல்லா விளக்கும் போய்விட்டது. கவரைக் கையாலேயே பிய்த்துப் பேட்டரி வயரைப் பிடுங்கினேன். மறுநாள் பார்த்தால், ஹேண்டில் கழுத்தில் வயர் உரசி உரசித் தோல் போய், செம்பு இரும்பில் பட்டிருக்கிறது. அங்கிருந்து ஒரு முழ நீளத்துக்கு வயரின் தோல் உருகிப் பக்கத்து வயர்களோடு ஒட்டிக் கிடந்தது. அந்த லைனில் பியூஸ் என்று ஒன்றே இல்லை.

என் சித்தப்பா செம்பனை ஆலையில் வயர்மேனாக இருந்தவர். அந்த உருகின வயரைக் கையில் வைத்துக்கொண்டு, "பியூஸ் போடறது விளக்கக் காப்பாத்த இல்லடா, வயரக் காப்பாத்த. அதனால பேட்டரிக்குப் பக்கத்துலயே போடணும்" என்றார். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம் மனதில் நின்றால் போதும் என்றால், அது இதுதான். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ். அதற்குப் பிறகு எங்கே வயர் உரசினாலும் பியூஸ் போகுமே தவிர, வண்டி எரியாது.

வண்டி எவ்வளவு தாங்கும்?

கப்சாய் பேட்டரி மிகச் சிறியது; பெரும்பாலும் 2.5 முதல் 5 ஆம்பியர்-மணிக்குள்தான் இருக்கும். எஞ்சினுக்குள் மின்சாரம் உண்டாக்கும் காயிலும் காரில் இருப்பதுபோல் பெரிதல்ல. 1992-இலிருந்து நம் நாட்டில் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முன்விளக்கைப் போட்டுத்தான் ஓட வேண்டும். ஆகவே காயில் தரும் மின்சாரத்தில் ஒரு பங்கு எப்போதும் அதற்கே போய்விடுகிறது. மிச்சத்தில்தான் நாம் பங்கு கேட்கிறோம்.

கணக்கு எளிது. வாட்டை 12-ஆல் வகுத்தால் ஆம்பியர். இரண்டு ஸ்பாட்லைட்டும் சேர்த்து 20 வாட் என்றால் 1.7 ஆம்பியர். வேகச் சார்ஜர் 18 வாட் என்றால் 1.5, சூடாகி வீணாவதையும் சேர்த்து 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் நான்குக்குள். டப்பாவில் '120 வாட்' என்று அச்சடித்திருப்பதை நம்ப வேண்டாம். விளக்கை வாங்கியதும் மல்ட்டிமீட்டரில் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று அளந்துவிடுங்கள்.

வண்டி தாங்குமா என்பதையும் மல்ட்டிமீட்டரே சொல்லும். இருபது முப்பது வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைக்கும் மீட்டர் போதும். எஞ்சின் ஓடாதபோது நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டோ அதற்குக் கொஞ்சம் மேலோ காட்டும். எஞ்சினை ஓட்டித் திராட்டிலைக் கொஞ்சம் திருகிப் பிடித்தால் 13.5-க்கும் 14.5-க்கும் நடுவில் நிற்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டுப்போயிருக்கிறது. 13-க்கே ஏறவில்லை என்றால் சார்ஜ் ஆகவில்லை. இந்த இரண்டில் எது இருந்தாலும் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். நோயாளி வண்டியில் புதுச் சாமான் மாட்டினால், பிறகு எந்தக் கோளாறு பழசு, எது புதுசு என்று கண்டுபிடிக்கவே முடியாது.

பழைய கார்புரேட்டர் கப்சாய் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அவற்றில் பலவற்றின் முன்விளக்கு பேட்டரியில் எரிவதில்லை. காயிலிலிருந்து நேராக வரும் ஏசி மின்சாரத்தில் எரிகிறது. ஐடிலில் மங்கி, திராட்டிலைத் திருகியதும் பளிச்சென்று ஆகும் விளக்கு அந்த வகைதான். அந்த வயரிலிருந்து சார்ஜருக்கோ எல்இடிக்கோ மின்சாரம் எடுத்தால் விளக்கு படபடக்கும், சார்ஜர் கெட்டுப்போகும். புது வண்டியாக இருந்தாலும் முன்விளக்கு வயரைத் தொடாமல் இருப்பதே நல்லது. அது இருட்டில் அணைந்தால் உங்களுக்கு வேறு வழியே இல்லை.

என்னென்ன வாங்க வேண்டும்

மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சான நான்கு கால் ரிலே ஒன்று, அதற்குரிய சாக்கெட்டோடு. மூடி போட்ட பியூஸ் ஹோல்டர் ஒன்று, அதற்கு 7.5 ஆம்பியர் பியூஸ் நாலைந்து. இது பழுப்பு நிறத்தில் இருக்கும். சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20. அடிக்கடி போகிறது என்று பெரிய பியூஸாக மாற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வயர் உருகுவதற்கு அதுதான் நேர் வழி.

வயர் இரண்டு கனத்தில்: பேட்டரியிலிருந்து ரிலேவுக்கும் அங்கிருந்து முன்பக்கத்துக்கும் 1.25 சதுர மில்லிமீட்டர். ஒவ்வொரு சாமானுக்கும் பிரியும் வயர் 0.75. வீட்டுச் சுவருக்குள் போகும் ஒற்றைக் கம்பி வயர் வேண்டாம். அது வண்டி அதிர்வில் முறிந்துவிடும். மெல்லிய இழைகள் நிறைய உள்ள வாகன வயரைக் கேளுங்கள். சிவப்பு, கறுப்பு, இன்னொரு நிறம் என்று மூன்று நிறம் எடுத்தால் பிறகு குழப்பம் வராது.

அப்புறம் வயர் முனையில் மாட்டும் டெர்மினல்கள், அவற்றை அழுத்தி இறுக்கும் கிரிம்ப் பிளையர், சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய், வயரைக் கட்டாகச் சுற்றத் துணி டேப், கேபல் டை, தண்ணீர் புகாத சுவிட்ச் ஒன்று. சாதாரணக் கறுப்பு டேப்பை மட்டும் நம்பி இணைப்பு போடாதீர்கள். நம் ஊர் வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் அதன் பசை இளகி வழிந்து, டேப் தானாகப் பிரிந்துகொள்ளும். மழைத் தண்ணீர் உள்ளே போய் ஒரு வருடத்தில் செம்பு பச்சை பூத்து, தொட்டால் பொடியாக உதிரும். நான் பிரித்துப் பார்த்த பழைய இணைப்புகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருந்தன.

ரிலே எதற்கு?

சாவியைத் திருப்பினால் மின்சாரம் வரும் வயர் ஒன்று வண்டியில் இருக்கிறது. எல்லாச் சாமானையும் அதிலேயே மாட்டினால், ஏற்கெனவே எஞ்சினுக்கும் ஹோனுக்கும் சிக்னலுக்கும் கொடுக்கும் மெல்லிய வயர் நம் சுமையையும் தூக்க வேண்டியிருக்கும். நேராகப் பேட்டரியில் மாட்டினால், சாவியை எடுத்த பிறகும் சார்ஜர் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே இருக்கும். சின்ன வோல்ட் மீட்டர் உள்ள சார்ஜர் 20 மில்லி ஆம்பியர் இழுத்தால்கூட, 3 ஆம்பியர்-மணி பேட்டரி ஆறு நாளில் காலி. தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டு வந்து வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்பவர்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

ரிலே இரண்டு பிரச்சினையையும் தீர்க்கிறது. சாவி வயர் ரிலேவுக்குள் இருக்கும் காந்தச் சுருளை மட்டும் இயக்கும். அதற்குக் கால் ஆம்பியர்கூட வேண்டாம். சுமை முழுவதும் பேட்டரியிலிருந்து, நம் பியூஸ் வழியாக, நம் வயரில் போகும். சாவியை எடுத்தால் 'டிக்' என்று எல்லாம் அணைந்துவிடும்.

ரிலேயின் அடியில் எண்கள் பொறித்திருக்கும். 30 என்ற காலுக்குப் பேட்டரி பாசிட்டிவ், பியூஸ் வழியாக. 87-இலிருந்து சாமான்களுக்கு. 86-க்குச் சாவி வயர். 85-க்கு எர்த், அதாவது பேட்டரி நெகட்டிவ். ஐந்தாவது காலாக 87ஏ இருந்தால் அதைச் சும்மா விட்டுவிடுங்கள். இந்த நான்கையும் ஒரு தாளில் வரைந்து பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் நான் இப்போதும் வேலை தொடங்குகிறேன்.

வயர் கட்டை மேசையில் செய்யுங்கள்

கப்சாயில் பெட்ரோல் டாங்கி சீட்டுக்கு அடியில் இருக்கிறது. நாம் வேலை செய்யப்போவதும் அங்கேதான். ஆகவே லைட்டர், சோல்டரிங் இரும்பு எதையும் வண்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். சணல் கயிற்றால் வண்டியில் நீளம் அளந்து, ஹேண்டில் பக்கம் ஒரு முழம் கூட விட்டு, வயர் கட்டு முழுவதையும் வீட்டு மேசையில் செய்து முடித்துக்கொள்ளுங்கள். வண்டியில் செய்வது மாட்டுவது மட்டுமாக இருக்கட்டும்.

டெர்மினல் கிரிம்ப் செய்யும்போது வயரின் தோலை அரை சென்டிமீட்டர் அளவுக்கு உரியுங்கள். ஒரு இழைகூட அறுபடக் கூடாது. இழைகளை லேசாக முறுக்குங்கள். ஹீட் ஷ்ரிங்க் துண்டை இப்போதே வயரில் கோத்துவிடுங்கள். டெர்மினலை அழுத்திய பிறகு ஞாபகம் வந்தால் அது உள்ளே போகாது, வெட்டி மறுபடி செய்ய வேண்டியிருக்கும். டெர்மினலில் இரண்டு சோடிக் காதுகள் இருக்கும். உள்காது செம்பைப் பிடிக்க வேண்டும், வெளிக்காது வயரின் தோலைப் பிடிக்க வேண்டும். அதிர்வைத் தாங்குவது அந்த வெளிக்காதுதான். அழுத்தி முடித்ததும் பலமாக இழுத்துப் பாருங்கள். கையோடு வந்துவிட்டால் சந்தோஷப்படுங்கள், தோட்டத்துப் பாதையில் கழன்றிருக்க வேண்டியது மேசையிலேயே கழன்றுவிட்டது. ஹீட் ஷ்ரிங்க்கை மேலே தள்ளி, லைட்டர் தீ படாமல் பக்கவாட்டில் ஆட்டி ஆட்டிச் சூடு காட்டினால் சுருங்கி இறுக்கிக்கொள்ளும்.

87-இலிருந்து வரும் கன வயரை முன்பக்கத்தில் இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று நேராகச் சார்ஜருக்கு, இன்னொன்று சுவிட்ச் வழியாக ஸ்பாட்லைட்டுக்கு. எர்த்தை வண்டிச் சட்டத்தில் கிடைத்த ஸ்குரூவில் மாட்டாமல், கறுப்பு வயராகப் பேட்டரி நெகட்டிவ் வரை கொண்டுவாருங்கள். சட்டத்தில் பெயின்ட்டும் துருவும் இருக்கும். விளக்கு மினுக்மினுக்கென்றால் பத்தில் ஏழு தடவை எர்த்தில்தான் கோளாறு என்பது என் அனுபவம்.

வண்டியில் மாட்டும்போது

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். கவர்செட்டைக் கழற்றும் முன் நான்கு பக்கமும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்குரூக்களுக்கு முட்டை அட்டை மாதிரி வசதி வேறில்லை. கழற்றிய வரிசைப்படி ஒவ்வொரு குழியிலும் போட்டு வைத்தால், மாட்டும்போது கடைசிக் குழியிலிருந்து பின்னால் வந்தால் போதும். பிளாஸ்டிக் கொக்கிகளை நெம்பாமல், கவரை நழுவவிட்டு எடுங்கள். பழைய வண்டியில் அவை மொறுமொறுவென்று உடையும்.

பேட்டரியில் முதலில் நெகட்டிவைக் கழற்றுங்கள். பாசிட்டிவை முதலில் கழற்றப் போனால், ஸ்பேனர் தவறி வண்டி இரும்பில் பட்ட உடனே தீப்பொறி பறக்கும், டாங்கியும் பக்கத்திலேயே இருக்கிறது. நெகட்டிவ் கழன்ற பிறகு ஸ்பேனர் வண்டி இரும்பில் எங்கே பட்டாலும் ஒன்றும் ஆகாது. திரும்ப மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில்.

சாவி வயரைத் தேட மட்டும் பேட்டரியைக் கொஞ்ச நேரம் திரும்ப மாட்ட வேண்டும். ஹோண்டாவில் இது பெரும்பாலும் கறுப்பு, எர்த் பச்சை. யமஹாவில் சாவி வயர் பிரவுன், எர்த் கறுப்பு. ஒரு கம்பெனியின் மின்சார வயர் இன்னொரு கம்பெனியின் எர்த் நிறத்தில் இருப்பதைக் கவனியுங்கள். இஎக்ஸ்5 பழகின கை யமஹா ஒய்15-இல் ஏமாறுவது இங்கேதான். நிறத்தை ஒரு துப்பாக மட்டும் வைத்துக்கொண்டு மீட்டரில் உறுதி செய்யுங்கள்: சாவி மூடியிருந்தால் 0, திறந்தால் 12. மூன்று தடவை சாவியைத் திருப்பிப் பாருங்கள்.

வண்டியில் பிளேடு பியூஸ் பெட்டி இருந்தால், 'ஆட்-எ-பியூஸ்' என்ற சின்னச் சாமானைச் சொருகி எந்த வயரையும் வெட்டாமல் இந்தச் சாவி மின்சாரத்தை எடுக்கலாம். புதியவர்களுக்கு இதைத்தான் சிபாரிசு செய்வேன். அது இல்லாவிட்டால், வயர்களைச் சொருகி இணைக்கும் உருண்டைப் புல்லட் கனெக்டர் உள்ள இடத்தில், இரண்டு வயர் சொருகக்கூடிய இரட்டை வாய் உறை போட்டு எடுக்கலாம். வயரைக் கடித்துப் பிடிக்கும் நீலக் கிளிப் வேண்டாம், அது இழைகளை அறுத்துவிடும். எப்ஐ (பெட்ரோலை எலெக்ட்ரானிக் முறையில் பீய்ச்சும்) வண்டியாக இருந்தால், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் ஈசியூவுக்கும் பெட்ரோல் பம்புக்கும் சென்சார்களுக்கும் போகும் வயர்களின் பக்கமே போகாதீர்கள். வாரண்டி முடியாத புது வண்டி என்றால் வாங்கிய கடையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

சாவி வயர் தெரிந்ததும் நெகட்டிவை மறுபடி கழற்றிவிட்டு வயர் கட்டை ஓடவிடுங்கள். ரிலேவைக் கால்கள் கீழே பார்க்கும்படி கட்டினால் தண்ணீர் தங்காது. எஞ்சின் தலைக்கும் சைலன்சருக்கும் ஒரு கையகலமாவது தள்ளிப் போகட்டும்.

ஹேண்டில் கழுத்துக்கு நேரம் கொடுங்கள். என் வண்டி கருகிய இடம் அது. கம்பெனி வயர் கட்டு எந்த வழியில் வளைந்து போகிறதோ, அதே வழியில் அதோடு சேர்ந்து போங்கள். கழுத்துக்கு முன்னும் பின்னும் கட்டிவிட்டு, நடுவில் தளர்வாக விடுங்கள். ஹேண்டிலை இடது கோடிக்குத் திருப்புங்கள், வலது கோடிக்குத் திருப்புங்கள். எங்கேயும் வயர் இறுகக் கூடாது, நசுங்கக் கூடாது, இரும்பு விளிம்பில் உரசக் கூடாது. அந்தப் பகுதிக்கு மட்டும் ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாய் போட்டுவிடுங்கள். சார்ஜருக்குப் போகும் வயர் கீழே ஒரு வளைவு இறங்கி மேலே ஏறட்டும். மழைத் தண்ணீர் வளைவின் அடியிலேயே சொட்டிவிடும், சார்ஜருக்குள் போகாது.

மின்சாரம் கொடுக்கும் முன்

பியூஸை இன்னும் போடாதீர்கள். பேட்டரியை மாட்டிவிட்டு, பியூஸ் ஹோல்டரின் இரண்டு வாய்க்கும் நடுவில் ஒரு பழைய 10 வாட் சிக்னல் பல்பைச் சேருங்கள். இது சித்தப்பா சொல்லிக்கொடுத்தது. ஸ்பாட்லைட் சுவிட்ச் அணைந்திருக்கட்டும், சார்ஜரில் போன் வேண்டாம். சாவி மூடியிருக்கும்போது பல்பு எரியக் கூடாது. எரிந்தால் ரிலேவுக்கு முன்னாலேயே எங்கோ எர்த்தில் படுகிறது. சாவியைத் திறங்கள், ரிலே 'டிக்' என்று சொல்ல வேண்டும், பல்பு கண் சிமிட்டி அணையலாம். பளிச்சென்று நின்று எரிந்தால் ரிலேவுக்குப் பின்னால் ஷார்ட். அப்படியே ஹேண்டிலை இரண்டு பக்கமும் திருப்பி, வயர் கட்டை அங்கங்கே அசைத்துப் பாருங்கள். பல்பு ஒரு கணம் எரிந்தாலும் அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்காமல் விடாதீர்கள். எல்லாம் சரி என்றால் பல்பை எடுத்துவிட்டுப் பியூஸைப் போடுங்கள்.

எஞ்சினை ஓட்டி, எல்லாவற்றையும் போட்டு, திராட்டிலைக் கொஞ்சம் பிடித்துப் பேட்டரியில் அளந்து பாருங்கள். 13-க்கு மேல் நின்றால் நிம்மதியாக ஓட்டலாம். அதற்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் சின்ன விளக்காக மாற்ற வேண்டியதுதான்.

ஸ்பாட்லைட்டைத் தாழ்த்துங்கள்

விளக்கு பளிச்சென்று இருப்பதைவிட, எங்கே விழுகிறது என்பதுதான் முக்கியம். இரவில் சமதளத்தில் சுவருக்கு 5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, ஒருவரை உட்கார வையுங்கள். விளக்கின் உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் குறித்து, ஒளியின் மேல் விளிம்பு அதற்கு அரைச் சாண் கீழே வரும்படி திருகி இறுக்குங்கள். விளக்கு தரையிலிருந்து 80 சென்டிமீட்டரில் இருந்தால், ஒளி சுமார் 40 மீட்டரில் தரையைத் தொடும். பள்ளம் தெரிய அது தாராளம். எதிரில் வருகிறவர் கண்ணிலும் அடிக்காது. ஆள் நடமாட்டமுள்ள சாலைக்கு வந்ததும் சுவிட்சை அணைத்துவிடுங்கள். குழந்தையை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு எதிரில் வருகிற ஒருவருக்கு இரண்டு நொடி கண் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

முன்னால் வெள்ளை அல்லது மஞ்சள் மட்டும் போடுங்கள். நீலம், சிவப்பு, மின்னி மின்னி எரிகிற விளக்கு வேண்டாம். 1959-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன விதிகள் விளக்குகளைக் கட்டுப்படுத்துகின்றன. ஜேபிஜே என்ற சாலைப் போக்குவரத்து இலாகாவும் போலீஸும் சாலைத் தடுப்பில் இதைப் பார்க்கிறார்கள்.

சார்ஜர் விஷயத்தில் ஒன்று மட்டும். போனை ஹேண்டிலில் மாட்டினால் அதிர்வு தாங்கும் பிடிப்பான் வாங்குங்கள். மோட்டார் சைக்கிள் அதிர்வு ஐபோன் கேமராவைக் கெடுக்கலாம் என்று 2021-இல் ஆப்பிள் நிறுவனமே எச்சரித்தது. சார்ஜரின் ரப்பர் மூடியை மழையில் திறந்து வைக்காதீர்கள்.

முதல் மாதம் முடிந்ததும் கவரைத் திறந்து கழுத்துப் பகுதியைத் தொட்டுப் பாருங்கள், டெர்மினல்களை இழுத்துப் பாருங்கள். முதல் பெருமழையில் ஓட்டிய மறுநாளும் அப்படியே. வேலை தொடங்கும்போது வரைந்த அந்தத் தாளில் எந்த நிற வயர் எங்கே போகிறது, எத்தனை ஆம்பியர் பியூஸ் என்று எழுதி, இரண்டு மாற்று பியூஸோடு ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டுச் சீட்டுக்கு அடியில் ஒட்டி வையுங்கள். நாளைக்கு உங்கள் தம்பியோ மகனோ அந்த வண்டியை எடுத்துக்கொண்டு போகும்போது பாதியில் நின்றால், கையில் எடுத்துப் பார்க்க அது இருக்கும்.